பழுது பார்த்தலும் திருத்தலும் – மின்னேற்றத் துளை தளர்ந்த கைத்தொலைபேசி பற்றி ஒரு பாடம்



‘பழுது பார்த்தல்’ என்னும் தொடரைச் சற்று நின்று நோக்குங்கள். பழுதடைந்த பொருளைச் செப்பமாக்கும் தொழிலுக்கு நம் மொழியில் வழங்கும் பெயர் அது. அப்பெயரில் தட்டுதல் இல்லை, முறுக்குதல் இல்லை, ஒட்டுதலும் இல்லை. ‘பார்த்தல்’ என்ற வினையே நிற்கின்றது. பார்த்தல் என்பதற்குக் கண்ணாற் காணுதல் என்ற பொருளோடு, கவனித்துப் பேணுதல் என்ற பொருளும் உண்டு. ஈழத்திலே நாம் ‘திருத்துதல்’ என்றும் கூறுவோம். சைக்கிளும் திருத்தப்படும், மாணாக்கனின் கட்டுரையும் திருத்தப்படும். கட்டுரையை வாசியாமலே சிவப்பு மையாற் கோடிடுபவனை எவரும் ஆசிரியன் என ஒப்பார். அவ்வாறே, பழுது எங்கே உள்ளதென்று பாராமற் கருவியிற் கைவைப்பவனும் திருத்துபவன் ஆகான். முதலிற் பார்த்தல், பின்னரே திருத்தல். இவ்வொழுங்கை, உங்கள் எல்லோருடைய வீட்டிலும் உள்ள ஒரு சிறு பொருளைக் கொண்டு விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பாடத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள்

கைத்தொலைபேசியின் அடிப்பக்கத்தில் ‘சார்ஜர் குத்தும் இடம்’ என்று வீட்டில் நாம் சொல்லும் சிறு வாய் ஒன்று உண்டு. இப்பாடத்தில் அதனை மின்னேற்றத் துளை என்போம். அதனுள் நுழையும் கம்பியின் நுனியைச் செருகி என்போம். கம்பி துளையில் நில்லாமல் ஆடுகின்றது; ஒரு பக்கம் சரித்துப் பிடித்தால் மட்டும் மின்னேறுகின்றது; கையை எடுத்தவுடன் நின்றுவிடுகின்றது. இக்குறைபாட்டை அறியாத குடும்பம் அரிது. பலர் தொலைபேசியின் கீழே ஒரு புத்தகத்தை அண்டைகொடுத்துச் சில வாரம் ஓட்டுவர். பின்னர் ‘இது பழுதாகிவிட்டது’ என்று புதியதொன்றை வாங்குவர்.

இது சிறிய செய்திதானே என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் நம் போன்ற குடும்பங்களிற் கைத்தொலைபேசி வெறும் கருவியன்று. ஊரிலிருக்கும் அம்மம்மாவின் முகத்தைப் பேரப்பிள்ளை காண்பது அதிலேதான். காலஞ்சென்ற ஒருவர் கடைசியாக அனுப்பிய குரற்செய்தி அதற்குள்ளேதான் கிடக்கின்றது. இடம்பெயர்வில் வீட்டுப் படத்தொகுப்புகளை இழந்த மக்கள் நாம். பாராமலே எறியப்படும் ஒரு தொலைபேசியோடு மீண்டும் ஒரு படத்தொகுப்பு அழிந்துபோகலாம்.

ஆகவே, முதலாவது விதி இது: துளை தளர்ந்ததென்று கண்டவுடன், எவ்வாறேனும் மின்னேற்றி, படங்களையும் குரற்செய்திகளையும் கணினிக்கோ வேறோர் இடத்திற்கோ படியெடுத்துவிடுங்கள். கம்பியில்லாமல் மின்னேற்றும் வசதி உங்கள் தொலைபேசியில் இருப்பின், துளை முற்றாகச் செயலிழந்த பின்னரும் அவ்வழியாக இதனைச் செய்யலாம். கருவி போனால் வாங்கலாம். குரலை வாங்க முடியாது.

துளையின் அமைப்பு

பெரும்பாலான புதிய தொலைபேசிகளிலும் தட்டுக்கணினிகளிலும் இன்று இருப்பது யூ.எஸ்.பி சி-வகைத் துளை. இதன் விதிமுறை 2014ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 28 டிசெம்பர் 2024 முதல், புதிதாகச் சந்தைக்கு வரும், கம்பிவழி மின்னேறும் கைத்தொலைபேசிகளும் தட்டுக்கணினிகளும் இவ்வகைத் துளையையே கொண்டிருத்தல் வேண்டுமென்பது சட்டம். 2012 முதல் ‘லைற்னிங்’ என்னும் தனித் துளையைக் கொண்டிருந்த ஐபோனும் 2023இல் சி-வகைக்கு மாறியது.

உங்கள் தொலைபேசியின் துளைக்குள் ஒளி பாய்ச்சிப் பாருங்கள். வெளியே நீள்வட்டம் போன்ற உலோகக் கூடு தெரியும். அதன் அகலம் எட்டரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. உயரம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர். கூட்டின் நடுவே, வாய்க்குள் நாக்கு இருப்பது போல, ஒரு மெல்லிய தகடு நீண்டிருக்கும். அதனை நாக்கு என்றே கூறுவோம். நாக்கின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதன் மேற்புறத்தில் 12, கீழ்ப்புறத்தில் 12 என மொத்தம் 24 தொடுகைகள், பொன்முலாம் பூசப்பெற்று, வரிசையாக அமைந்துள்ளன. நாக்குக்கும் கூட்டுக்கும் இடையே மேலும் கீழும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றர் அளவேயாம்.

இனி, செருகியை எது பிடித்து வைத்திருக்கின்றது என்பதைக் கேளுங்கள். செருகியின் உட்பக்கத்தில் இருபுறமும் இரு சிறு வில்கள் உண்டு. செருகி முழு ஆழத்திற்கு நுழையும்போது, அவ்வில்கள் நாக்கின் இரு ஓரங்களிலும் உள்ள வெட்டுகளிற் சென்று பொருந்தும். அப்பொழுதுதான் ‘டிக்’ என்ற மெல்லிய உணர்வு விரலுக்குத் தெரியும். இதிலிருந்து இரண்டு உண்மைகளை அறிகின்றோம். ஒன்று, பிடித்து வைத்திருக்கும் வில்கள் தொலைபேசியில் இல்லை, கம்பியிலேயே உள்ளன. மற்றையது, செருகி அரை மில்லிமீற்றர் வெளியே நின்றாலும் வில்கள் வெட்டுகளிற் பொருந்தா, கம்பி ஆடும்.

வில்களைக் கம்பியில் வைத்தது தற்செயலன்று. முன்னர் வழக்கிலிருந்த மினி வகையில் வில் கருவியின் பக்கமே இருந்தது. வில் தேய்ந்தாற் கருவியே பழுதாகும். 2007இல் வந்த மைக்ரோ வகையில், தேயும் உறுப்பைக் கம்பியின் பக்கம் மாற்றி வைத்தார்கள். விலை குறைந்தது தேயட்டும், விலை கூடியது நிலைக்கட்டும் என்பதே அதன் கருத்து. சி-வகையும் அவ்வழியையே பின்பற்றியது. லைற்னிங் வகை மட்டும் இதற்கு மாறானது: அங்கே செருகி ஒரு திண்மத் தகடு, வில்கள் தொலைபேசியின் உள்ளே உள்ளன.

எண்கள் கூறும் சான்று

இத்துளைகள் எத்தனை முறை செருகிக் கழற்றுவதைத் தாங்கவேண்டுமென்று விதிமுறைகள் எண் குறித்துள்ளன. 1996இல் வந்த முதல் யூ.எஸ்.பி ஏ-வகைக்கு 1,500 முறை. மினி வகைக்கு 5,000 முறை. மைக்ரோ, சி ஆகிய வகைகளுக்கு 10,000 முறை.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு 3 முறை கம்பியைச் செருகுகின்றார் எனக் கொள்வோம். ஆண்டொன்றுக்கு 3 × 365 = 1,095 முறை. 10,000 முறையை எட்ட 9 ஆண்டுகளுக்கு மேற் செல்லும். ஆகவே, இரண்டு ஆண்டுகளில் ஒரு துளை தளர்ந்துவிட்டதெனில், அது செருகிச் செருகித் தேய்ந்தது என்று கூறுவது பொருந்தாது. காரணம் வேறெங்கோ இருக்கின்றது. அக்காரணங்களுள் முதன்மையானவை மூன்று: தும்பு, நெம்பு, ஈரம்.

தும்பு என்பது சட்டைப் பையிலும் குளிர்காலப் பூச்சட்டையின் பையிலும் உதிரும் நூற்துகள். அது துளைக்குட் செல்கின்றது. ஒவ்வொரு முறை செருகியைக் குத்தும்போதும் அதனை நாமே உள்ளே தள்ளி இடித்து இறுக்குகின்றோம். சில மாதங்களில் அது துளையின் அடியில் அட்டை போலக் கெட்டியாகின்றது. செருகி முழு ஆழத்திற்குச் செல்ல முடிவதில்லை. துளை தளர்ந்துவிட்டதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் துளை நிறைந்துவிட்டது.

நெம்பு என்பது விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்றது. படுக்கையிற் கிடந்தபடி, கம்பி மாட்டியிருக்கும் தொலைபேசியை நெஞ்சில் ஊன்றிப் பார்க்கின்றோம். கம்பியின் தலை பக்கவாட்டில் வளைகின்றது. துளையின் வாயிலிருந்து 30 மில்லிமீற்றர் தொலைவில் 10 நியூற்றன் விசை, அதாவது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பொருளின் நிறை, தாக்குவதாகக் கொள்வோம். திருப்பம் = 10 × 30 = 300 நியூற்றன் மில்லிமீற்றர். துளைக்குள் இருக்கும் செருகியின் நீளமோ ஏறத்தாழ 6 மில்லிமீற்றரே. இத்திருப்பத்தை அந்த 6 மில்லிமீற்றர் எதிர்க்க வேண்டுமாயின், துளையின் அடியில் 300 ÷ 6 = 50 நியூற்றன் விசை ஏற்படும். வெளியே ஒரு கிலோகிராம்; உள்ளே ஐந்து கிலோகிராம்! ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் இல்லாத நாக்கும், அதனைப் பலகையோடு பிணைத்திருக்கும் பற்றாசும் எவ்வளவு நாள் தாங்கும்?

ஈரம் மூன்றாவது. துளை நனைந்திருக்கும்போது மின்னேற்றினால், நீரின் ஊடாக மின்னோட்டம் பாய்ந்து தொடுகைகளின் உலோகத்தை மின்பகுப்பு முறையில் அரித்துவிடும். பொன்முலாம் போன இடத்தில் கருமையோ பச்சையோ தோன்றும். ஆதலால் நனைந்த தொலைபேசியைத் துளை கீழ்நோக்க மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் வைத்துவிடுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டா. அரிசியின் மாத்தூள் துளைக்குட் சென்று புதிய தொல்லையைத் தரும்.

ஐந்து பார்வைகள்

எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லுதல் கற்பித்தலின் ஒழுங்கு. திருத்தலின் ஒழுங்கும் அதுவே. தீங்கு விளைக்காத சோதனை முதலில். கருவியைத் திறப்பது கடைசியில்.

முதலாம் பார்வை கம்பியின் மேல். நன்றாக வேலைசெய்யும் வேறொரு கம்பியையும் வேறொரு மின்னேற்றியையும் கொண்டு சோதியுங்கள். புதிய கம்பி உறுதியாக நின்றால், தேய்ந்தது பழைய கம்பியின் வில்லே. சில யூரோ செலவோடு பிரச்சினை முடிந்தது.

இரண்டாம் பார்வை ஆழத்தின் மேல். அதே கம்பியை நன்றாக உள்ள மற்றொரு தொலைபேசியிற் செருகி, செருகியின் உலோகப் பகுதி எவ்வளவு வெளியே தெரிகின்றதென்று பாருங்கள். பின்னர் உங்கள் தொலைபேசியிற் பாருங்கள். இங்கே கூடுதலாகத் தெரிந்தால் உள்ளே ஏதோ அடைத்திருக்கின்றது.

மூன்றாம் பார்வை துளையின் உள்ளே. ரோச் விளக்கும் உருப்பெருக்கி வில்லையும் கொண்டு பாருங்கள். நாக்கு நேராக, நடுவில் இருக்கின்றதா? வளைந்தோ வெடித்தோ உள்ளதா? அடியிற் சாம்பல் நிறப் பஞ்சு தெரிகின்றதா? தொடுகைகள் பொன்னிறமா, கருநிறமா?

நான்காம் பார்வை திருப்பிச் செருகுதல். இரு முனைகளும் சி-வகையாக உள்ள கம்பியால் இச்சோதனையைச் செய்யுங்கள். ஒரு புறமாகச் செருகினால் மின்னேறி, மறுபுறமாகச் செருகினால் ஏறாவிட்டால், அது பயனுள்ள குறிப்பு. செருகி துளைக்குள் இருக்கும்பொழுது, இணைப்பை அறிவிக்கும் தொடுகை ஒன்று செருகியிலும், அதனை ஏற்கும் தொடுகைகள் இரண்டு நாக்கின் மேலொன்றும் கீழொன்றுமாகத் துளையிலும் உள்ளன. ஒவ்வொன்றும் 5,100 ஓம் தடையி ஒன்றின் ஊடாகப் புவித்தொடுப்போடு இணைந்திருக்கும். மின்னேற்றி அத்தடையை உணர்ந்த பின்னரே 5 வோல்ற்று மின்னழுத்தத்தை வெளிவிடும். ஒரு தொடுகை அழுக்கானாலோ தேய்ந்தாலோ அப்புறம் மின்னேற்றிக்கு ‘யாரும் இல்லை’ என்றே தோன்றும். ஆகவே பழுது நாக்கின் ஒரு புறத்தில் உள்ளதென அறியலாம்.

ஐந்தாம் பார்வை அசைவின் மேல். செருகியை மிக மெல்ல அசைத்து, துளையைக் கூர்ந்து பாருங்கள். செருகி மட்டும் ஆடுகின்றதா, அல்லது உலோகக் கூடும் சேர்ந்து ஆடுகின்றதா? கூடே ஆடினாற் பற்றாசு விட்டுவிட்டது. அது மேசையில் முடியும் வேலையன்று.

தும்பு அகற்றும் முறை

இரண்டாம், மூன்றாம் பார்வைகளில் அடைப்புத் தெரிந்தாற் பின்வருமாறு செய்க. மாணவர்கள் இதனைப் பெற்றோர் அருகிலிருக்கவே செய்தல் வேண்டும்.

1. கம்பியைக் கழற்றி, தொலைபேசியை முற்றாக நிறுத்துங்கள். திரை இருண்டாற் போதாது. கருவி அணைக்கப்பட வேண்டும்.

2. மரப் பற்குச்சி ஒன்றை எடுத்து, அதன் நுனியைக் கத்தியாற் சீவித் தட்டையாக்குங்கள். இடைவெளி ஒரு மில்லிமீற்றர் அளவே ஆதலாற் பற்குச்சி சீவாமல் நுழையாது. வலிந்து நுழைத்தால் நாக்கு முறியும்.

3. குண்டூசி, தையலூசி, காகிதக் கவ்வி முதலிய உலோகங்களைத் தொடாதீர்கள். கருவியை அணைத்த பின்னரும் மின்கலம் உள்ளே இணைந்தே இருக்கின்றது. உலோக நுனி இரு தொடுகைகளை இணைத்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம், பொன்முலாமையும் சுரண்டிவிடும்.

4. துளை கீழ்நோக்குமாறு பிடித்து, குச்சியின் நுனியைக் கூட்டின் சுவரோடு ஒட்டி அடிவரை விட்டு, வெளியே இழுங்கள். உள்ளே குத்தாதீர்கள், வெளிநோக்கி வாருங்கள். நாக்கின் மேற்புறமும் கீழ்ப்புறமும் மூலைகளும் தனித்தனியே பார்க்கப்பட வேண்டும். கெட்டியான தும்பு துண்டாகப் பெயர்ந்து வரும்.

5. வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே செல்லும். அழுத்தக் காற்றை நேரே பீச்சினால் தும்பு மேலும் உள்ளே போகலாம்.

6. தொடுகைகள் பிசுபிசுப்பாக இருந்தால், செறிந்த ஐசோபுரொப்பைல் அற்ககோலை மென்மையான சிறு தூரிகையிற் சிறிதளவு தோய்த்துத் துடைத்து, முற்றாக உலர விடுங்கள். தண்ணீரும் வாசனைத் திரவியமும் உதவா.

பின்னர் கம்பியைச் செருகுங்கள். ‘டிக்’ என்ற உணர்வு மீண்டால், உங்கள் தொலைபேசியிற் பழுதே இருக்கவில்லை என்பது பொருள். மிகப் பல வேளைகளில் இங்கேயே வேலை முடிந்துவிடும்.

துளையே உடைந்திருந்தால்

நாக்கு முறிந்திருந்தாலோ, கூடு ஆடினாலோ, துளையை மாற்றவோ மீளப் பற்றவைக்கவோ வேண்டும். இங்கே கருவியின் அமைப்பைப் பொறுத்து வேலை இருவகைப்படும்.

முதல்வகைக் கருவிகளில் துளை ஒரு சிறிய துணைப் பலகையிலோ, மடியும் நாடாக் கம்பியிலோ தனியாக அமைந்திருக்கும். சில திருகாணிகளைக் கழற்றி அத்துணுக்கை மாற்றினாற் போதும். ஐபோன்களும் பல அன்ட்ரொயிட் தொலைபேசிகளும் இவ்வகையின. அம்ஸ்ரடாமைச் சேர்ந்த ஃபெயர்ஃபோன் நிறுவனம், பயன்படுத்துபவரே திருகாணி முடுக்கியால் மாற்றத்தக்க தனி உறுப்பாகவே துளையை அமைத்துள்ளது.

இரண்டாம் வகையில் துளை நேரே தாய்ப்பலகையிற் பற்றவைக்கப்பட்டிருக்கும். பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த நின்ரெண்டோ சுவிச் விளையாட்டுக் கருவி (2017) இதற்கு எடுத்துக்காட்டு. இங்கே பழைய துளையைப் பெயர்த்தெடுக்கப் பற்றாசை உருக்க வேண்டும். பற்றாசு என்பது உலோகங்களைப் பிணைக்க உருக்கி ஊற்றும் கலப்புலோகம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த பழைய பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். ஈயத்தின் நச்சுத்தன்மை கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2006 யூலை முதல் மின்னணுக் கருவிகளில் அதனைக் கட்டுப்படுத்தியது. இன்றைய ஈயமற்ற பற்றாசு உருக ஏறத்தாழ 217 பாகை தேவை. அத்தோடு, பலகையின் செப்புப் படலங்கள் வெப்பத்தை விரைவாக உறிஞ்சிவிடும். போதிய வெப்பம் கிடைக்குமுன் துளையை நெம்பினால், பலகையிலுள்ள செப்புத் தளங்களும் சேர்ந்து உரிந்துவிடும். அதன் பின் கருவியை மீட்பது மிகக் கடினம். கைதேர்ந்தோர் முதலில் மின்கலத்தைக் கழற்றி, இளக்கி பூசி, சூட்டுக்காற்றைச் சுற்றிலும் பாய்ச்சி, பற்றாசு முழுவதும் நீராக இளகியதைக் கண்ட பின்னரே துளையைத் தூக்குவர். இங்கும் பார்த்தலே முதலாவது என்பதைக் கவனியுங்கள். கூடு மட்டும் தளர்ந்து நாக்கு நன்றாயிருந்தால், கூட்டின் கால்களைப் புதிய பற்றாசால் மீளப் பிணைத்தாலே போதுமானதாகலாம்.

இவ்வேலையை மாணவர்கள் வீட்டிற் செய்தல் ஆகாது. லிதியம் அயன் மின்கலத்தைக் கூரிய பொருள் துளைத்தாலோ வளைத்தாலோ தீப்பற்றும். தொலைபேசியின் முதுகு வீங்கியிருக்கக் கண்டால், மின்னேற்றாதீர்கள், அழுத்தாதீர்கள், திறவாதீர்கள். உடனே பெரியவர்களிடம் கூறுங்கள். எதைத் தொடலாகாது என்பதை அறிவதும் கல்வியே.

பெற்றோர் அறியவேண்டியவை

கடைக்குக் கொண்டுசெல்லுமுன் வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிற் புதிய பொருளின் குறைபாட்டிற்கு விற்றவர் குறைந்தது 2 ஆண்டுகள் பொறுப்பாளியாவார். நாம் வாழும் யேர்மனியில், 2022 முதல், வாங்கிய முதல் ஓராண்டினுள் தோன்றும் குறை தொடக்கத்திலேயே இருந்ததென்றே கொள்ளப்படும். அவ்வாறில்லை என நிறுவும் கடமை விற்றவருடையது. அதற்குள் நாமே கருவியைத் திறந்தால் அவ்வுரிமையைக் கோருவது கடினமாகும்.

20 யூன் 2025 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சந்தைக்கு வரும் கைத்தொலைபேசிகளுக்கும் தட்டுக்கணினிகளுக்கும் மற்றொரு விதி நடைமுறைக்கு வந்தது. அம்மாதிரியின் விற்பனையை உற்பத்தியாளர் நிறுத்திய பின்னரும் 7 ஆண்டுகளுக்கு மாற்றுறுப்புகள் கிடைக்கச் செய்தல் வேண்டும். திருத்துவோருக்குக் கிடைக்கவேண்டிய அவ்வுறுப்புகளின் வரிசையில் மின்னேற்றத் துளையும் இடம்பெற்றுள்ளது.

கடைக்குச் செல்ல வசதியில்லாதோர் ‘றிப்பெயர் கஃபே’ என்னும் கூடங்களை நாடலாம். 2009 ஒக்ரோபரில் அம்ஸ்ரடாமில் மார்ட்டீன் போஸ்ற்மா என்னும் பெண்மணி முதலாவது கூடத்தை நடத்தினார். இன்று யேர்மனியிற் பல நகரங்களில் இவை நடைபெறுகின்றன. கைவினை அறிந்த தொண்டர்கள், பொருளைக் கொண்டுவந்தவரைப் பக்கத்தில் இருத்தி, அவர் காணவே திருத்துவார்கள். பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். பள்ளிக்கூடம் காட்டாத ஒரு வகுப்பறையை அங்கே காண்பார்கள்.

எவ்வழியாலும் திருத்த முடியாத கருவியைக் குப்பைத்தொட்டியில் இடாதீர்கள். 25 சென்றிமீற்றருக்கு மேற்படாத பழைய கருவிகளைப் பெரிய மின்பொருட் கடைகள் இலவசமாக ஏற்றுக்கொள்ள வேண்டுமென்பது இந்நாட்டுச் சட்டம்.

நம் ஊர் தந்த கல்வி

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. ஆண்டுகள் பல கடந்தும் அது மீளவில்லை. பற்றரி உட்படப் பல பொருள்களை வடபகுதிக்குக் கொண்டுசெல்லத் தடை இருந்தது. அந்நாளிற் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்னால் வானொலிச் செய்தி கேட்டது ஒரு தலைமுறை. மண்ணெண்ணெயைத் துளியளவே ஊற்றிய ஜாம் போத்தல் விளக்கிற் பாடம் படித்ததும் அத்தலைமுறையே. நானும் அவர்களுள் ஒருவன். வறுமையையும் தடையையும் நான் புகழ வரவில்லை. அத்துன்பம் எந்தப் பிள்ளைக்கும் வேண்டா. ஆனால் மாற்றுப்பொருள் கிடையாதென்ற நிலை எங்களுக்கு ஒரு பழக்கத்தைத் தந்தது. ஒரு பொருள் நின்றுபோனால், ‘இனி எதை வாங்கலாம்’ என்று எவரும் கேட்கவில்லை. ‘எங்கே விட்டிருக்கின்றது’ என்றே கேட்டார்கள். வானொலியின் முதுகைத் திறந்தவரைச் சுற்றி ஊர்ப்பிள்ளைகள் கூடி நின்று பார்த்தோம். மின்சுற்று என்பதைப் புத்தகத்திற் படிக்குமுன் அங்கே கண்டோம்.

இந்நாட்டில் உங்களுக்கு எல்லாம் கிடைக்கின்றது. அது நல்லதே, அதற்காகவே உங்கள் பெற்றோர் இவ்வளவு தொலைவு வந்தார்கள். எனினும், வாங்கும் வசதி வந்தவுடன் பார்க்கும் பழக்கம் நம்மைவிட்டுப் போய்விடலாகாது. துளைக்குள் இருந்த ஒரு துளி தும்பு, ஒரு தொலைபேசியின் விலைக்குச் சமமாவது அப்பழக்கம் போனபோதுதான். மனிதர் பற்றியும் மொழி பற்றியும் இதுவே உண்மை. ‘இப்பிள்ளைக்குத் தமிழ் வராது’ என்று சொல்லுமுன், எங்கே அடைத்திருக்கின்றது என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் நாக்கு முறிந்திருப்பதில்லை.

பயிற்சி

1. உங்கள் வீட்டிலுள்ள கையடக்கக் கருவிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் துளையும் எவ்வகையதென எழுதுக. அவற்றிற் பிடித்து வைக்கும் வில் கருவியில் உள்ளதா, கம்பியில் உள்ளதா?

2. ஒருவர் நாளொன்றுக்கு 5 முறை கம்பியைச் செருகுகின்றார். 10,000 முறையை எட்ட எத்தனை ஆண்டுகள் செல்லும்?

3. செருகியின் வாயிலிருந்து 20 மில்லிமீற்றர் தொலைவில் 6 நியூற்றன் விசை தாக்குகின்றது. துளைக்குள் 6 மில்லிமீற்றர் நீளம் உள்ளதாயின், அங்கே ஏற்படும் விசையைக் காண்க.

4. ஒரு தொலைபேசியிற் புதிய கம்பியும் ஆடுகின்றது. உலோகக் கூடு அசையவில்லை. செருகி சற்று வெளியே நிற்கின்றது. பழுது யாது? அடுத்துச் செய்யவேண்டியது யாது? காரணத்தோடு ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

5. ‘வேலை பார்த்தல்’, ‘பிள்ளையைப் பார்த்தல்’, ‘வழி பார்த்தல்’, ‘பழுது பார்த்தல்’ ஆகிய தொடர்களிற் ‘பார்த்தல்’ தரும் பொருள் வேறுபாட்டை விளக்குக. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு மேலும் மூன்று தொடர்களைச் சேர்த்து எழுதுக.